இருபத்தஞ்சாயிரத்துக்குள் ஒரு டிவி: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

போன மாதம் ஒரு டிவி வாங்கினேன். இதில் எழுத என்ன இருக்கு என்று கேட்பீர்கள். மூன்று வாரம், ஏழு கடை, நடுவில் இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. எழுதாமல் இருக்க முடியுமா? :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் காசு அளவாக இருக்கும்போது "எது நல்ல டிவி?" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது. "நம் வீட்டில் டிவியை அதிகம் பார்ப்பது யார்?" என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்லும் பத்து சமாச்சாரத்தில் ஏழு நமக்கு வேண்டாதது என்று தானாகவே புரிந்துவிடும்.

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. தண்டம் அழுது வந்தது.

இங்கே நாக்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு இணையத்தில் ஒரு 50 அங்குல டிவி வாங்கினேன். பெயர் அதிகம் கேள்விப்படாத கம்பெனி. விலையைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பதினாலாவது மாதம் படத்தின் இடது பக்கம் கறுப்பாகிப் போனது. ஒரு வருட வாரண்டி முடிந்து சரியாக இரண்டு மாதம்! சர்வீஸுக்கு ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பத்து நாள் கழித்து வந்தவர் பார்த்துவிட்டு, பேனல் போச்சு சார் என்றார். புதுப் பேனலுக்கு அவர் சொன்ன தொகையில் இன்னும் கொஞ்சம் போட்டால் புது டிவியே வந்துவிடும். கவுண்டருக்கு வருகிறவர்களிடம் "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று தினமும் சொல்கிற ஆள் நான். வாரண்டி அட்டையை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் படித்தேன்.

அந்த நேரம் பார்த்து பையனின் கோச்சிங் ஃபீஸ் வேறு. புது டிவிக்கு என்ன அவசரம், எல்லாரும்தான் செல்போனில் பார்க்கிறோமே என்று தள்ளிப்போட்டேன். மூன்று மாதம் வீட்டில் டிவி இல்லை.

"எல்லாரும்" என்ற அந்தக் கணக்கில் அம்மாவை நான் சேர்க்கவில்லை.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. அப்பா போன பிறகு கும்பகோணம் பக்கத்து எங்கள் ஊரை விட்டுவிட்டு எங்களோடு வந்திருக்கிறார். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. காலை ஒன்பது மணிக்கு நான் பேங்குக்கு, தங்கமணி அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு, பையன் காலேஜுக்கு என்று கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை அந்த வீட்டில் தமிழ் பேசும் ஒரே ஜீவன் டிவிதான். அது ஊமையாகிப் போன மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மா, "என்னைக் கொண்டு போய் ஊர்லயே விட்டுடுடா" என்றார். கோபமெல்லாம் இல்லை. உப்பு எடு என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே தனியாக எப்படி இருப்பார்? தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே கிளம்பினோம். பட்ஜெட் இருபத்தைந்தாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, கடனும் கிடையாது.

சீதாபர்டியில் ஷோரூமுக்குப் பஞ்சமில்லை. முதல் கடையிலேயே பையன் 55 அங்குலத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். "அப்பா, 4கே, ஹெச்டிஆர், 120 ஹெர்ட்ஸ்!" கடைப் பையனும் அவனும் ஐந்து நிமிடத்தில் கூட்டணி போட்டுவிட்டார்கள். நான் தனிக்கட்சி. அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பெருவிழியாக முழித்துக்கொண்டிருந்த நாற்பது டிவியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பி.காம். கணக்குப் போடாமல் எனக்கு எதுவும் இறங்காது. அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே தருகிறேன், யாருக்காவது உதவும்.

சைஸ் கணக்கு

டிவியின் அளவை மூலைக்கு மூலை அளக்கிறார்கள். அதனால் 32க்கும் 43க்கும் வித்தியாசம் பதினோரு அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பளவில் பார்த்தால் 43 அங்குலத் திரை 32 அங்குலத் திரையைப் போல 1.8 மடங்கு. ஏறக்குறைய இரண்டு டிவி. கண்புரை ஆபரேஷன் ஆன அம்மாவுக்குச் செய்தியில் கீழே ஓடும் எழுத்து தெரிய வேண்டும் என்றால் 32 போதாது. இங்கே காசு போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் 4கே? திரையில் புள்ளிகள் எத்தனை என்பதுதான் விஷயம். ஃபுல் ஹெச்டியில் குறுக்கே 1920 புள்ளி, 4கேயில் 3840. நல்ல பார்வை உள்ளவர் கண், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. அதை 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளி தனியாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 1.7 மீட்டருக்குள், அதாவது ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். அதற்கு அப்பால் ஃபுல் ஹெச்டியும் ஒன்றுதான், 4கேயும் ஒன்றுதான். எங்கள் ஹாலில் அம்மாவின் கட்டில் எட்டு அடியில். இதே கணக்கை 55 அங்குலத்துக்குப் போட்டாலும் ஏழு அடிதான் வருகிறது. எட்டு அடியில் உட்காருகிறவருக்கு 4கே என்பது டப்பாவில் இருக்கும் ஒரு எழுத்து, அவ்வளவுதான்.

இன்னொன்று. அம்மா பார்க்கிற சேனல்கள் எங்கள் பேக்கில் சாதாரண எஸ்டி, 576 வரி. அதை இழுத்து இழுத்துத்தான் பெரிய திரையை நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக முகமெல்லாம் மாவு பூசின மாதிரி ஆகும். டிவிக்குக் கூடுதலாகக் கொடுப்பதை ஹெச்டி சேனலுக்குக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும்.

ஹெச்டிஆர் பற்றி ஒரே வரி. பட்ஜெட் டிவியில் "ஹெச்டிஆர் உண்டு" என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். அதைக் காட்டுவதற்கு வேண்டிய வெளிச்சம் அந்த விலையில் பெரும்பாலும் இருக்காது.

ஷோரூம் கணக்கு

ஷோரூமில் ஓடுவது கம்பெனி கொடுத்த டெமோ. கிளி, பவளப்பாறை, வண்ணப்பொடி. அதில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டில் அப்படி வைத்துப் பார்த்தால் அரை மணியில் கண் எரியும். மூன்றாவது கடையிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். "பாயீ, யூடியூபில் ஒரு தமிழ் நியூஸ் போடுங்க, படத்தை சாதாரண மோடுக்கு மாத்துங்க" என்றேன். பவளப்பாறையில் பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசம் தெரிந்த இரண்டு டிவி, செய்தி வாசிப்பவர் முகத்தில் இரண்டாயிரம் வித்தியாசம் கூடக் காட்டவில்லை.

பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். சில பேனலில் நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஓரத்திலிருந்து வெளுத்துவிடும். சிலது எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். எங்கள் வீட்டில் கட்டில் நேர் எதிரே என்பதால் முதல் வகையே போதும். சோபாவைச் சுற்றிப் போட்டிருக்கும் வீட்டுக்கு இரண்டாவது.

காது கணக்கு

இதை ஒரு கடையிலும் யாரும் பேசவில்லை. அம்மாதான் பேசினார். நாலாவது கடையில் நாங்கள் படத்தைப் பற்றி அரை மணி வாதாடி முடித்ததும், "படம் எல்லாத்துலயும் நல்லாத்தான்டா இருக்கு. பேசறதுதான் ஒண்ணும் புரியலை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டிவி மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடமே இல்லாமல் போய், அதைக் கீழேயோ பின்னாலேயோ திருப்பி வைத்துவிட்டார்கள். சத்தம் தரையிலும் சுவரிலும் பட்டு நமக்கு வருகிறது. 20 வாட்ஸ் என்று எழுதியிருப்பது சத்தத்தின் அளவு, தெளிவு இல்லை. எங்கள் வீட்டு பழைய சாலிடேரில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருக்கும். அதில் பேசியது தெருவுக்கே புரிந்தது. காது மந்தமாகிற வயதில் வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்துதான் கூடுகிறது, வசனம் தெளிவாவதில்லை. அப்புறம் "டிவி சத்தத்தைக் குறைங்க பாட்டி" என்று பேரன் கத்த, அவர் பேசாமல் அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். பல வீட்டில் இதுதான் நடக்கிறது.

அன்றோடு பட்ஜெட்டை இரண்டாகப் பிரித்தேன். டிவிக்கு இருபது, சவுண்ட்பாருக்கு நாலு. மிச்சம் ஆயிரம் சில்லறைச் செலவுக்கு. நம் காசில் பேச்சுத் தெளிவுக்காகப் போடும் நாலாயிரம், திரைக்குப் போடும் பத்தாயிரத்தை விட உபயோகம் என்பது என் தீர்ப்பு.

ரிமோட் கணக்கு

இன்றைய ஸ்மார்ட் டிவி ரிமோட்டில் பெரும்பாலும் எண் பட்டனே கிடையாது. ஆன் செய்தால் சேனல் வராது, முதலில் ஆப் வரிசை வரும். அதில் வழி கண்டுபிடித்து செட்டாப் பாக்ஸுக்குப் போக வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பட்டன் தப்பாகப் பட்டால் சாயங்காலம் வரை அம்மா சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இது: "ஆன் பண்ணினதும் நேரா செட்டாப் பாக்ஸ்ல போய் நிக்குமா?" பல மாடல்களில் செட்டிங்ஸில் இந்த வசதி இருக்கிறது. சிலவற்றில் இல்லை. ஏழு கடையில் ஐந்தில் இதற்குப் பதில் தெரியவில்லை. இரண்டு கடையில் போட்டுக் காட்டினார்கள்.

ஸ்மார்ட் சமாச்சாரத்துக்கே அதிகம் செலவு செய்ய வேண்டாம் என்பேன். பேனல் எட்டு வருடம் உழைக்கலாம், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் நாலாவது வருடம் மூச்சு வாங்கும். ஒரு ஜிபி ராம் என்றால் அதற்கு முன்பே. அப்போது ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது.

இஎம்ஐ கணக்கு

இது என் ஏரியா, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "நோ காஸ்ட் இஎம்ஐ சார், முப்பதாயிரம் டிவி, மாசம் 2,500, பன்னிரண்டு மாசம், வட்டியே இல்லை." வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையவே கிடையாது. ரிசர்வ் வங்கி 2013லேயே ஜீரோ சதவீத வட்டித் திட்டங்கள் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது என்ன? கிரெடிட் கார்டில் வருடத்துக்கு 16 சதவீதம் வட்டி என்று வையுங்கள். மாதம் 2,500 வீதம் பன்னிரண்டு தவணை என்றால் உண்மையான கடன் சுமார் 27,555. வட்டி 2,445. இந்த வட்டித் தொகையைத்தான் விலையில் "தள்ளுபடி" என்று காட்டுகிறார்கள். அந்தத் தள்ளுபடி கொடுக்க முடிகிற விற்பனையாளர், ரொக்கம் கொடுக்கிறவருக்கும் ஏதாவது குறைக்க முடியும்தானே? கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், 900 ரூபாய் குறைத்தார்.

அதோடு முடியவில்லை. கார்டு இஎம்ஐயில் அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 440 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக "நோ காஸ்ட்" டிவிக்கு 675 ரூபாய் காஸ்ட்.

675 ரூபாயில் யாரும் போண்டியாகிவிட மாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆபத்து வேறு இடத்தில். இருபத்தைந்தாயிரம் என்று தீர்மானம் செய்து வந்தவர், "மாசம் ஆயிரம்தானே கூட" என்று முப்பத்தைந்தாயிரத்துக்குப் போய்விடுகிறார். ஒரு தவணை தவறினால் அது சிபில் அறிக்கையில் ஏறுகிறது. வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களின் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், எப்போதோ வாங்கிய செல்போன் தவணையில் சில நூறு ரூபாய் பாக்கி நின்று கடனுக்கு முட்டுக்கட்டை போட்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலைகளில் ஒன்று. டிவிக்குக் கடன் வேண்டாம். மூன்று மாதம் சேர்த்து வாங்குங்கள்.

வரிக் குறைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக 22 செப்டம்பர் 2025 முதல் குறைந்தது. அதனால் விலை 10 சதவீதம் குறையும் என்று பலர் நினைத்தார்கள். வரிக்கு முந்தைய விலை 25,000 என்றால் அது முன்பு 32,000, இப்போது 29,500. குறைந்தது 7.8 சதவீதம். 32 அங்குலத்துக்கு 2019 ஜனவரியிலிருந்தே 18தான், அதில் ஒன்றும் மாறவில்லை. "வரிக் குறைப்பு ஆஃபர்" என்று அதன் மேல் ஒட்டியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எதிர்க்கட்சி வாதம்

நியாயமாகப் பையன் தரப்பையும் சொல்ல வேண்டும். "அப்பா, டிவி எட்டு வருஷத்துக்கு வாங்கறது. இப்ப சின்னதா வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படுவோம். நீங்க போட்ட கணக்கு எல்லாம் பாட்டிக்கு. வீட்ல நாங்களும்தானே இருக்கோம்?"

பதில் சொல்ல முடியாத கேள்விதான். கையில் ஐம்பதாயிரம் இருந்தால் எல்லாரும் இருக்கிறோம். இருபத்தைந்தில் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்திப்படுத்தப் போனால் முன்பு போல ஒரு 50 அங்குலக் குப்பைதான் கிடைக்கும். உனக்கு லேப்டாப் இருக்கு, செல்போன் இருக்கு, வெளியே போக ஊர் இருக்கு, பேச பாஷை இருக்கு. பாட்டிக்கு இது ஒண்ணுதான்டா என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்கு இருபது வயது. அப்படித்தான் இருப்பான்.

கடைசியில் வாங்கியது: 43 அங்குலம், ஃபுல் ஹெச்டி, நாக்பூரிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனி (நேரில் போய்க் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்). ஆன் செய்தால் நேராக செட்டாப் பாக்ஸ். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். சவுண்ட்பார் மூவாயிரத்து எண்ணூறு. கூடுதல் வாரண்டி ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தார்கள். அதில் "பேனல் உட்பட" என்ற சொல் அச்சில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தபின்தான் வாங்கினேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் அந்த வாரண்டி வெறும் காகிதம். ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார்கள். டிவியின் பின்பக்கச் சீட்டில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தது, ஆகவே ஸ்பைக் கார்டு மட்டும். மொத்தம் இருபத்தைந்துக்குள் முடிந்தது.

டிவி வந்து மாட்டின மறுநாள் மதியம் பேங்கிலிருந்து வீட்டுக்கு போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவைதான் எடுத்தார்.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

"ஆச்சு. சீரியல் ஓடுதுடா, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்.

நான்கு வருடத்தில் அம்மா என் போனை முதலில் வைத்தது அன்றைக்குத்தான்.

பி.கு: கட்டிலிலிருந்து டிவிக்கு எத்தனை அடி என்று கடைக்குக் கிளம்பும் முன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நான் ஏழு கடையில் பார்த்தவரை யாரும் அளந்துகொண்டு வரவில்லை. நானும் நாலாவது கடைக்குப் பிறகுதான் அளந்தேன்!